டிரைவரின் இடுப்பளவு, கண்டக்டரின் இடுப்பளவு: லண்டன் பேருந்து ஆய்வு, ஒரு மறுவாசிப்பு

உடற்பயிற்சி பற்றிப் பேச ஆரம்பிக்கும் மருத்துவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் லண்டன் பேருந்துக்கு வந்துவிடுவார்கள். 1953 நவம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு பகுதிகளாக வெளிவந்த ஆய்வு அது. ஒரே பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவரையும், நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டரையும் ஒப்பிட்டது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. படிக்கட்டு காப்பாற்றியது என்று சொல்லி அங்கேயே கதையை முடித்துவிடுவார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மூன்று வருடம் கழித்து, 1956-ல் அதே இதழில் வந்த சின்னக் கட்டுரை. அது இவர்களுடைய பேன்ட் அளவைப் பற்றியது. அதையும் சேர்த்துப் படித்தால் கதை அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அன்றாட நடமாட்டம் உடம்பை என்ன செய்கிறது, நேரம் ஒதுக்கிச் செய்யும் பயிற்சி என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் அதில் வழி இருக்கிறது.

களமும் ஆட்களும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்கள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது கூடிக்கொண்டே போனது. ஏன் என்று யாருக்கும் தெளிவில்லை. மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948-ல் தொடங்கிய சமூக மருத்துவப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஜெரி மோரிஸ், வேலைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று தேட ஆரம்பித்தார். 1910-ல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர்.

லண்டன் போக்குவரத்து நிறுவனம் அவருக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். நோய் விடுப்புக் கணக்கு ஒழுங்காக இருந்தது. நிறுவனத்தின் மருத்துவர் ராஃபிளும் ஆய்வுக் குழுவில் சேர்ந்துகொண்டார். எல்லாவற்றையும்விட முக்கியம், டிரைவரும் கண்டக்டரும் கிட்டத்தட்ட ஒரே வர்க்கத்து ஆட்கள். ஒரே டிப்போ, ஒரே ஷிப்ட், வீடும் சாப்பாடும் ஏறக்குறைய ஒரே மாதிரி. முதலாளியையும் மூட்டை தூக்குபவரையும் ஒப்பிட்டால் பணம், படிப்பு, உணவு எல்லாம் குறுக்கே வரும். இங்கே அந்தத் தொல்லை குறைவு.

அந்தக் காலத்து லண்டன் மாடிப் பேருந்தை நினைத்துப் பாருங்கள். ‘ஆர்.டி.’ வகை வண்டியில் 56 இருக்கைகள், அதில் பாதிக்கு மேல் மாடியில். டிரைவருக்கு முன்னால் தனி அறை. பயணிகளோடு பேச்சு வார்த்தை கிடையாது. ஷிப்டில் சுமார் 90 சதவீத நேரம் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கக் கீழும் மேலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வாளர்கள் பேருந்துகளில் கூடவே பயணம் செய்து எண்ணிப் பார்த்தார்கள்: ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள்.

நம்மூர்க் கண்டக்டரை இதில் பொருத்திப் பார்க்க வேண்டாம். சென்னை மாநகரப் பேருந்தில் பின்வாசல் பக்கத்து இருக்கையில் கண்டக்டர் உட்கார்ந்திருப்பார். காசு கைமாறிப் போகும், டிக்கெட் கைமாறி வரும். லண்டன் முடிவு கண்டக்டர் என்ற பதவிக்கு உரியது அல்ல, அந்த வேலை கேட்ட நடமாட்டத்துக்கு உரியது.

முதல் முடிவு

35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்கள் கணக்கில் வந்தார்கள். இதய நோயின் முதல் தாக்குதல் கண்டக்டர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 1.9, டிரைவர்களில் 2.7. இதுவே பெரிய இடைவெளிதான். ஆனால் தாக்குதல் வந்த கையோடு இறந்துபோனவர்களை மட்டும் எண்ணினால் இடைவெளி இன்னும் விரிந்தது: கண்டக்டர்களின் விகிதம் டிரைவர்களுடையதில் பாதிகூட இல்லை.

டிரைவர் வேலை மனதை அழுத்துவது, லண்டன் நெரிசலில் வண்டி ஓட்டும் பதற்றம்தான் காரணம் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான சந்தேகம். அதனால் மோரிஸ் குழு அரசு ஊழியர்கள் பக்கமும் பார்த்தது. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்களை, மேசையில் உட்கார்ந்த குமாஸ்தாக்களோடும் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்தவர்களோடும் ஒப்பிட்டது. அங்கேயும் நடந்தவர்களே தப்பித்தார்கள். குமாஸ்தா யாரும் நெரிசலில் வண்டி ஓட்டவில்லையே.

சீருடைக் கிடங்கில் ஒரு கேள்வி

இனிதான் சுவாரசியம். படியேறியதால் கண்டக்டருக்கு நல்ல உடம்பா, நல்ல உடம்பு இருந்ததால் அவர் கண்டக்டர் ஆனாரா? கொஞ்சம் பருமனான ஆள் வேலைக்கு வரும்போதே ‘எனக்கு இந்த ஏறி இறங்குகிற வேலை ஒத்துவராது, ஸ்டியரிங் கொடுங்கள்’ என்று கேட்டிருக்கலாம்.

இதைச் சோதிக்க ஆயிரக்கணக்கான பேரை எடை மேடையில் ஏற்றவில்லை. நிறுவனம் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது, அதன் அளவுகள் பதிவேட்டில் இருந்தன. மோரிஸ், ராஃபிள், அவர்களோடு ஆய்வு செய்த ஹெடி மூவரும் அந்தப் பதிவேட்டை எடுத்து, வயது வாரியாகப் பேன்ட்டின் இடுப்பளவைப் பார்த்தார்கள். வேறு காரணத்துக்காக எழுதி வைத்த கணக்கை இப்படிக் கேள்விக்கு உட்படுத்துவது ஆராய்ச்சியில் அரிய திறமை. லட்சக்கணக்கில் செலவு செய்த ஆய்வுகளில்கூட இவ்வளவு புத்திசாலித்தனத்தை அடிக்கடி பார்க்க முடியாது.

எல்லா வயதிலும் டிரைவர்களின் இடுப்பே பெரிது. சரி, அது எதிர்பார்த்ததுதான். தொந்தரவு தந்தது இளைஞர்களின் கணக்கு. படிக்கட்டு வேலை செய்ய இன்னும் அதிக காலம் கிடைக்காத வயதிலேயே வித்தியாசம் தெரிந்தது. 1960-களில் இளம் பேருந்து ஊழியர்களைப் பரிசோதித்த வேறொரு ஆய்வும், டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் வேறு மாதிரியான உடம்போடு வந்தார்கள் என்றே சொன்னது. ஆக, சந்தேகத்தில் உண்மை இருந்தது. கண்டக்டரின் மெலிந்த இடுப்பு முழுக்கப் படிக்கட்டின் சம்பாத்தியம் இல்லை.

ஆனால் கதை அங்கே கவிழ்ந்துவிடவும் இல்லை. மோரிஸ் குழு இதே இடுப்பளவை வைத்து ஆட்களை ஒல்லி, நடுத்தரம், தொப்பை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திடீர் இறப்புகளைப் பார்த்தது. ஒல்லியான கண்டக்டர் ஒல்லியான டிரைவரைவிடப் பாதுகாப்பாக இருந்தார். தொப்பை வைத்த கண்டக்டரும் தொப்பை வைத்த டிரைவரைவிடப் பாதுகாப்பாக இருந்தார். நடமாட்டத்துக்கு இடுப்பைக் குறைப்பதைத் தாண்டியும் ஒரு பலன் இருந்தது என்று இதற்குப் பொருள். வாக்கிங் போயும் எடை இறங்கவில்லையே என்று ஒரு மாதத்தில் செருப்பைக் கழற்றி மூலையில் போடுகிறவர்கள் இந்த ஒரு முடிவையாவது மனதில் வைக்கலாம்.

பேன்ட் அளவுக்கு வேறொரு மதிப்பும் உண்டு. எடை மேடை, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சொல்லாது. இடுப்பு ஓரளவு சொல்லும், அதுவும் குடலைச் சுற்றிச் சேரும் ஆபத்தான கொழுப்பைப் பற்றி. இந்தியர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். 2004-ல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒரே அளவு, 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். யூட்கின் ஓட்டக்காரர் என்பதும் கணக்கில் சேர்த்தி. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற நம் உடம்பின் வாகை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

இந்திய அளவுகோலில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டிய இடுப்பு. அளக்கும்போது டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைக்க வேண்டும், இயல்பாக மூச்சை விட்ட நிலையில். நம் பேன்ட் சைஸை இதற்கு நம்ப முடியாது. 1950-களின் பேன்ட் தொப்புள் உயரத்தில் நின்றது. இன்றைய பேன்ட் தொப்பைக்குக் கீழே பதுங்கிக்கொள்கிறது. 34 சைஸ் போடுகிறவரின் வயிற்றில் டேப்பைச் சுற்றினால் 40 காட்டுவது சாதாரணம்.

படியின் கணக்கு

600 படி ஏறினால் எவ்வளவு கலோரி? ஒரு படி 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 120 மீட்டர் உயரம். 70 கிலோ ஆளை அவ்வளவு தூக்கச் சுமார் 20 கலோரி போதும். தசை தன் சக்தியில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்பதால் உடம்பு செலவழிப்பது சுமார் 80 கலோரி. ஒரு இட்லி, கொஞ்சம் சட்னி. இதை வைத்துக்கொண்டு கண்டக்டரின் உடம்பை விளக்க முடியாது.

விளக்கம் படிகளுக்கு நடுவே இருந்த நேரத்தில் இருக்கிறது. நிற்பது, ஆடும் வண்டியில் சமாளித்து நடப்பது, குனிந்து சில்லறை எண்ணுவது, பின் மேடையில் ஆளை ஏற்றி இறக்குவது. பல மணி நேரம், வாரம் முழுக்க, வருடக்கணக்கில். இந்தச் சின்னச் சின்ன அசைவுகளை அளக்க இன்னும் நாற்பது வருடம் ஆனது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஜேம்ஸ் லெவைன் குழு 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி அதிகமாகக் கொடுத்துப் பார்த்தது. எல்லோருக்கும் ஒரே அளவு அதிகச் சாப்பாடு. ஆனால் சேர்ந்த கொழுப்பு ஒருவருக்கு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. 1999-ல் வெளியான இந்த ஆய்வில் வித்தியாசத்தைப் பெரிதும் விளக்கியது பயிற்சி அல்லாத அன்றாட அசைவு. சிலர் உடம்பு தன்னையறியாமல் நாளுக்குக் கிட்டத்தட்ட 700 கலோரி வரை அதிகம் அசைந்து எரித்துவிட்டது.

2005-ல் அதே குழு, ஒல்லியாக இருந்த 10 பேருக்கும் ஓரளவு பருமனாக இருந்த 10 பேருக்கும் உள்ளாடையில் உணர்கருவி பொருத்தி, அவர்கள் உட்கார்வதையும் நிற்பதையும் பத்து நாள் பதிவு செய்தது. பருமனானவர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதிகமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியானவர்கள் போல நின்று நடமாடியிருந்தால் நாளுக்கு 350 கலோரி கூடுதலாகச் செலவாகியிருக்கும். பிறகு ஒல்லியானவர்களை எடை ஏறவைத்தும் பருமனானவர்களை எடை இறங்கவைத்தும் பார்த்தார்கள். உட்காரும் நேரம் மாறவில்லை.

இந்த இடத்தில் சீருடைப் பதிவேட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் இளைஞர்களின் புதிர் கொஞ்சம் அவிழ்கிறது. உட்காரப் பிடித்த உடம்பு, அசையப் பிடித்த உடம்பு என்று மனிதரில் ஒரு சாய்வு இருக்கிறது. டிரைவர் வேலையும் கண்டக்டர் வேலையும் அந்தச் சாய்வுக்கு ஏற்ப ஆளைப் பொறுக்கி எடுத்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் பேருந்து ஆய்வைப் பொய்யாக்கும் குறையாக இதை நான் பார்க்கவில்லை. உட்காரும் சுபாவம் உள்ளவருக்கு உட்காரும் வேலையே போய்ச் சேர்வதுதான் நடைமுறையில் நடக்கிற கெடுதல்.

பேன்ட் கட்டுரை வந்த அதே 1956-ல், ழான் மேயர் என்ற சத்துணவு ஆய்வாளர் மேற்கு வங்காளச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களைப் பற்றி எழுதியதும் இங்கே சேரும். மிதமாக வேலை செய்தவர்கள் முதல் கடும் வேலை செய்தவர்கள் வரை உழைப்புக்கு ஏற்பச் சாப்பாடு கூடியது, எடை ஒரே மட்டத்தில் நின்றது. உட்கார்ந்தே கிடந்தவர்களிடம் மட்டும் இந்தக் கணக்கு உடைந்தது. அவர்கள் லேசாக வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசி தன் அளவை இழக்கிறது என்பது மேயரின் வாதம். அழகான கருத்து. ஆனால் ஆலை குமாஸ்தாவுக்கும் சுமை தூக்குபவருக்கும் வருமானமும் சாதியும் தட்டில் விழும் சோறும் வேறு என்பதால் நான் இதைப் பேருந்து ஆய்வுக்குச் சமமாக வைக்க மாட்டேன்.

மோரிஸ் அடுத்துச் செய்தது

வேலையிலேயே அசைவு இருக்கும் காலம் முடிகிறது என்று மோரிஸுக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் மேசைக்குப் போகிறார்கள். அப்படியானால் ஓய்வு நேரத்தில் என்ன செய்தால் போதும்? 1968-ல் தொடங்கி, 40 முதல் 64 வயது வரையிலான ஏறக்குறைய 18,000 ஆண் அரசு அதிகாரிகளிடம், ஒரு திங்கட்கிழமை காலையில், முந்தைய வெள்ளியும் சனியும் எப்படிப் போனது என்று சிறுகச் சிறுக எழுதி வாங்கினார். பிறகு வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்.

விடை அவருக்கே எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். மொத்தமாக எவ்வளவு அசைந்தார்கள் என்பது இங்கே வேலை செய்யவில்லை. தோட்ட வேலை, வீட்டு மராமத்து, மெல்ல நடப்பது இவற்றால் இதயத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூச்சு வாங்கும்படி நீந்தியவர்கள், ஓடியவர்கள், வேகமாகச் சைக்கிள் மிதித்தவர்கள் தப்பித்தார்கள். 1980-ல் வெளியிட்ட கணக்கின்படி, எட்டரை ஆண்டுகளில் அப்படிப்பட்ட பயிற்சி செய்தவர்களில் 3.1 சதவீதம் பேருக்கு இதய நோய் வந்தது, செய்யாதவர்களில் 6.9 சதவீதம் பேருக்கு. பள்ளிக் காலத்தில் விளையாட்டு வீரராக இருந்து பிறகு விட்டவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. ‘நான் அந்தக் காலத்தில் கபடி ஆடினவன்’ என்று தொப்பையைத் தட்டிக்கொள்ளும் நம்மூர் மாமாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொள்வார்கள்.

பேருந்தில் லேசான அசைவே பலன் தந்தது, அலுவலகத்தில் தரவில்லை. முரண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்டக்டரின் அசைவு முழு ஷிப்டுக்கு நீண்டது. அதிகாரியின் தோட்ட வேலை சனிக்கிழமை ஒரு மணி நேரம். அளவு இவ்வளவு சுருங்கும்போது வேகத்தால்தான் ஈடுகட்ட முடியும்.

இடுப்புக்கு என்ன கிடைக்கும்

மோரிஸ் எண்ணியது மாரடைப்பை. உடம்பின் கொழுப்பையும் தசையையும் எண்ணியவர்கள் பின்னால் வந்தார்கள். இரண்டு பரிசோதனைகளைச் சொல்கிறேன், இந்தக் கதையின் ஓட்டையை அவை நன்றாக அடைக்கின்றன.

கனடாவில் ராபர்ட் ராஸ் குழு 52 பருமனான ஆண்களை மூன்று மாதம் வைத்துப் பார்த்தது. முடிவு 2000-ல் வந்தது. ஒரு பிரிவினர் சாப்பாட்டைக் குறைத்து மட்டும் மெலிந்தார்கள், இன்னொரு பிரிவினர் பயிற்சியால் மட்டும். இரண்டு பிரிவும் சுமார் 7.5 கிலோ இறங்கியது. ஆனால் பயிற்சிப் பிரிவில் போனதில் கொழுப்பின் பங்கு அதிகம், அதாவது தசை அந்த அளவுக்குப் பறிபோகவில்லை. மூன்றாவது பிரிவுதான் என்னைக் கவர்ந்தது. அவர்கள் தினமும் பயிற்சி செய்தார்கள், செலவான கலோரிக்கு ஈடாகச் சாப்பிடவும் செய்தார்கள். எடை மாறவில்லை, வயிற்றுக்குள் இருந்த கொழுப்பு மட்டும் குறைந்தது. எடை மேடையை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் தோற்றவர்கள்.

இன்னொன்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதில் ஒரு பிரிவினர் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை, வழக்கம்போல இருந்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களின் உள்ளுறுப்புக் கொழுப்பு 8.6 சதவீதம் கூடியிருந்தது. சும்மா இருப்பது என்றால் இருந்த இடத்திலேயே நிற்பது என்று நினைக்கிறோம். உடம்பு அந்த நேரத்திலும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது. வாரம் சுமார் 18 கிலோமீட்டர் வேகமாக நடந்தவர்களுக்கு அது கூடாமல் நின்றது. சுமார் 27 கிலோமீட்டர் மெல்லோட்டமாக ஓடியவர்களுக்குக் குறைந்தது. அதே பல்கலைக்கழகத்தின் பின்னாளைய பரிசோதனையில், கொழுப்பைக் குறைத்தது நடை, ஓட்டம் போன்ற பயிற்சி; தசையைக் கூட்டியது எடை தூக்கும் பயிற்சி. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இரண்டும் கிடைத்தது, நேரமும் இரண்டு மடங்கு பிடித்தது.

ஆக, என் தீர்ப்பு: நாள் முழுக்க நீளும் நடமாட்டம் இடுப்பைப் பெருக விடாமல் பிடித்து வைக்கும், பெருத்ததைக் குறைக்கவும் தசையைக் காக்கவும் மூச்சு வாங்கும் பயிற்சியும் எடைப் பயிற்சியும் வேண்டும். ஜிம்முக்கு ஒரு மணி நேரம் போய்விட்டு மீதி நாள் நாற்காலியில் கிடப்பதும், ‘நான்தான் வீட்டில் ஓடியாடுகிறேனே’ என்று பயிற்சியைத் தவிர்ப்பதும் பாதி வேலை.

மிச்சம் நிற்பவர்

1953 ஆய்வு ஆண்களை மட்டுமே பார்த்தது. போர்க் காலத்திலிருந்தே லண்டன் பேருந்துகளில் ஏராளமான பெண் கண்டக்டர்கள் இருந்தும், டிரைவர் வேலை 1974 வரை பெண்களுக்குக் கிடைக்காததால் ஒப்பிட ஆளில்லாமல் போனது. மோரிஸ் 2009-ல், 99 வயதில் காலமானார். தொண்ணூறுகளிலும் நீச்சலை விடவில்லை. அதற்கு நாலு வருடம் முன்பே, 2005 டிசம்பரில், கண்டக்டரோடு ஓடிய ரூட்மாஸ்டர் வண்டிகள் வழக்கமான சேவையிலிருந்து விலகிவிட்டன. டிரைவர் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

உட்கார்ந்தே ஆக வேண்டிய அவருக்கு என்ன செய்யலாம் என்று அண்மையில் பிரிட்டனில் லாரி டிரைவர்களை வைத்துப் பார்த்தார்கள். 25 டிப்போக்கள், 382 பேர். பாதி டிப்போக்களுக்கு உடல்நல வகுப்பு, கையில் கட்டும் காலடி எண்ணி, நடைப் போட்டி, வண்டிக்குள்ளேயே செய்ய ரப்பர் பட்டைப் பயிற்சி. ஆறாவது மாதத்தில் அவர்கள் மற்றவர்களைவிட நாளுக்குச் சுமார் 1,000 காலடி அதிகம் நடந்தார்கள். ஒன்றரை வருடம் நெருங்கியபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. இடையில் கொரோனாவும் வந்துபோனது. உடம்பின் கொழுப்பு அளவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1,000 காலடி என்பது பத்து நிமிட நடை. டியூக் ஆய்வில் கொழுப்பு கூடாமல் நிற்கவே வாரம் 18 கிலோமீட்டர் தேவைப்பட்டது. இந்தப் பத்து நிமிடம் வாரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான்.